பாவோரா நீந்திய பாதை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரியின் மேல் போட்ட தடையை எடுத்துவிடப்போகிறார்கள். இன்றைக்கு வெள்ளி. அதற்குள் பாவோரா கிடைத்தாக வேண்டும்.

மெரெயானாவுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. தொண்டையில் ஒரு வாய் இறங்கவில்லை, கண் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் மூடவில்லை. பன்னிரண்டு நாளாக அவள் புருஷன் அந்தத் தண்ணீருக்குள் எங்கோ கிடக்கிறான். ஏரி ஆளைக் கொண்டுபோனால் அதற்குப் பிறகு அதில் யாரும் குளிக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, தேடுகிற படகைத் தவிர வேறு படகு இறங்கக் கூடாது. ராஹுய் என்பார்கள், இந்த ஏரிக்கரையின் பூர்வகுடி ஜனங்கள் போடுகிற தடை அது. ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டு. முதலில் பத்து நாள் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். குலத்தில் மூத்தவரான டீபெனே மாமா சபையில் எழுந்து கேட்டு, இன்னும் நான்கு நாள் வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் அவராலும் முடியாது. ஏரியை நம்பி வயிறு கழுவுகிற குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன!

மூழ்கித் தேடுகிறவர்கள் நேற்றே சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தூரத்து ஊர்களிலிருந்து படகோடு வந்த சொந்தக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை அவரவருக்கு வேலை. அப்புறம் யார் தேடுவார்கள்? கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் அவன் தலைக்குமேல் மோட்டார் படகு விட்டுக் கூச்சல் போடுவார்கள்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. இங்கே ஒருவர் செத்தால், மூச்சு நின்றதிலிருந்து மண் மூடுகிற வரைக்கும் ஒரு நிமிஷம்கூடத் தனியே விட மாட்டார்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், பாடுவார்கள், திட்டுவார்கள், கதை சொல்லிச் சிரிப்பார்கள். பாவோராவோ பன்னிரண்டு நாளாகத் தனியாகக் கிடக்கிறான். இருட்டில் தனியாகப் படுக்கவே பிடிக்காத மனுஷன்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பந்தயத்தால் வந்த வினை.

போன நவம்பரில் பெரிய பந்தயக் கம்பெனி ஒன்று ஓர் அறிவிப்புப் போட்டது. மூன்று புள்ளி எட்டு கிலோமீட்டர் நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். இந்த நாட்டில் புதிதாக ஒன்று நடத்தப்போகிறோம், அமைதியான தண்ணீர், நல்ல ரோடு, பெரிய மனசுள்ள சின்ன ஊர், இடத்தைப் பிறகு சொல்வோம் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஏரி இருக்கிற ஒவ்வொரு ஊரும் அது தன் ஊர்தான் என்று மார்தட்டியது. இங்கேயும்தான். தெற்கு ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்களா, பந்தயத்துக்குத்தான். படகுத்துறையில் எவனோ அளக்கிற சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனானா, கம்பெனி ஆள்தான். டூகலுடைய மோட்டலில் பதினோரு அறை சேர்ந்தாற்போல் பதிவானதா, ஐயோ, அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பாவோராவுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. கராஜில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி ஆறு ஊர் பெயரை எழுதினான். தண்ணீருக்கு இத்தனை மார்க், ரோட்டுக்கு இத்தனை, கக்கூஸ் வசதிக்கு இத்தனை. மெரெயானா கிண்டல் பண்ணுவாள். "ஆறு வீட்ல பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி உக்காந்திருக்கியே, எவளாவது உன்னைப் பாத்தாளா?"

"பாப்பாங்க, பாப்பாங்க. நம்ம ஏரியத்தான் பாப்பாங்க," என்பான்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து ஊர் ஆல்டர்டனின் பந்தயக் கிளப்காரர்கள் வேவு பார்க்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. கையில் கட்டுகிற கடிகாரம் நீந்துகிற பாதையைக் கோடாக வரைந்து எல்லாருக்கும் காட்டும் அல்லவா? அதை யாருக்கும் காட்டாதபடி மூடிவைத்தான். "நம்ம பாதையக் காப்பியடிச்சு, தங்களோடதுன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டுருவானுங்க." நீந்தும்போது பின்னால் கட்டி இழுக்கிற ஆரஞ்சு மிதவையையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனான், நேரம் கெடுகிறதாம். ரப்பர் உடுப்பும் போடவில்லை. கோடைத் தண்ணீருக்கு அதைக் கம்பெனி அனுமதிக்காது என்று அவனே ஒரு முடிவு கட்டியிருந்தான். போட்டிருந்தால் மிதந்தாவது இருப்பான்.

முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை முடித்து, அந்த ஞாயிறு காலை ஏழரைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. ஒன்பது மணிக்குப் படகுத்துறையிலிருந்து போன் வந்தது. பாவோராவின் சைக்கிள் நிற்கிறது, ஆளைக் காணோம்.

படகுத்துறையிலிருந்துதான் தேடத் தொடங்கினார்கள். அங்கிருந்து கிழக்கே தீவு வரைக்கும், தீவைச் சுற்றி, திரும்ப. ஊரில் யாரைக் கேட்டாலும் பந்தயம் வந்தால் நீச்சல் தீவைச் சுற்றித்தான் என்பார்கள். பன்னிரண்டு நாளும் அதே தண்ணீரைத்தான் அலசினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அந்தப் பலகைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தபோது டூகல் வந்தான். மோட்டல்காரன், ஊர்ப் பந்தயக் கிளப்புக்குத் தலைவன், பாவோராவுக்கு இருபது வருஷக் கூட்டாளி. கையில் ஆட்டுக்கறிக் குழம்புப் பாத்திரம் ஒன்று, துணி போட்டு மூடியிருந்தது.

"சாப்பிட்டியா மெரே?"

"வச்சுட்டுப் போ."

வைத்தான். போகவில்லை. தொப்பியைக் கழற்றினான், மாட்டினான். "ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காத."

"தப்பா இருந்தா தப்பாத்தான் எடுத்துக்குவேன்."

"திங்கக்கிழமை கம்பெனி ஆளுங்க ஏரியப் பாக்க வர்றாங்கன்னு பேச்சு. நிச்சயமாத் தெரியல, பேச்சுதான். மாமா இன்னொரு தடவை தடைய நீட்டுவார்னும் பேசிக்கிறாங்க. வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பார். பாவோராவும் இதத்தான விரும்பினான்? பந்தயம் இங்க வரணும்னு…"

மெரெயானா பாத்திரத்தைத் தூக்கினாள். அவன் மேல் எறியத்தான் தூக்கினாள். கடைசியில் சுவரில் எறிந்தாள். குழம்பு பலகையின் ஓரமாக வழிந்தது.

"அவன் என்ன விரும்பினான்னு நீ எனக்குச் சொல்றியா? எரியிற வீட்ல பிடுங்கினது லாபம்னு வந்தியா? உன்னோட பதினோரு ரூமுக்காக என் புருஷன் மேல படகு ஓட்டப்போறியா? வெக்கமா இல்ல?"

டூகல் அழுதுவிட்டான். ஐம்பத்தாறு வயசு ஆள், தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். "இருக்கு. வெக்கமா இருக்கு. வர்ற வழியெல்லாம் திரும்பிப் போயிடலாமான்னு நினைச்சுட்டேதான் வந்தேன்."

அவன் வாசல் வரை போய்விட்டான். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. எங்கே நடக்கும், எங்கே நடக்கும் என்று மூன்று மாதமாக இவர்கள் பேசாத பேச்சில்லை. பாவோராவும் கடைசியாக அதைத்தான் யோசித்துக்கொண்டு போனான். அவன் போட்ட பாதை தெரிந்தால் அவன் கிடக்கிற இடமும் தெரியும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இந்தக் கிறுக்கர்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

"டூகல், நில்லு. உக்காரு. ஷோனாவையும் கூப்பிடு."

ஷோனா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கிளப்பில் நேரம் குறிப்பவள். கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். சுவரில் வழிந்த குழம்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். மெரெயானா ஏரியின் வரைபடத்தைக் கராஜ் மேஜையில் விரித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இப்ப பாவோரா. பந்தயம் நம்ம ஊருக்கு வந்தாச்சு. நீச்சல எங்க வைப்பீங்க?"

"தீவைச் சுத்தி," என்றான் டூகல். "படகுத்துறையில இறங்கி, தீவைச் சுத்தி, படகுத்துறையிலயே ஏறணும்."

"போடா லூசு," என்றாள் ஷோனா. "காலையில ஆறரைக்குக் கிழக்கப் பாத்து நீந்தினா கண்ணுல நேரா வெயில் அடிக்கும். ஆயிரத்தைந்நூறு பேரும் குருடன் மாதிரி ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறுவான். பாவோரா அதத்தான் திட்டிட்டே இருப்பான். கிழக்க வைக்கவே மாட்டான்."

"இத ஏண்டி பன்னெண்டு நாளா சொல்லல?" என்றாள் மெரெயானா.

"சைக்கிள் அங்கதான நின்னுச்சு? அங்கதான் இறங்கினான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

டூகல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். "சைக்கிளா? அது சனிக்கிழமை சாயங்காலமே அங்க நின்னுச்சே. படகுத்துறை என் மோட்டலுக்கு எதிர்லதான, குப்பைத் தொட்டிய வெளிய வைக்கப் போனப்பவே பாத்தேன்."

ஷோனா வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்ன சொன்ன?" என்றாள் மெரெயானா.

"சனிக்கிழமை சாயங்காலம். அழகா மாட்டி வச்சிருந்தான். ஹெல்மெட்டு மேல, வார் திறந்து…" அவன் குரல் தேய்ந்துபோனது. தான் சொல்வது என்னவென்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. "தேட வந்த அதிகாரிங்க எங்கிட்ட சைக்கிளப் பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேன்னேன். எப்பன்னு கேக்கல. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சைக்கிளக் கொண்டுபோய் வைக்கிறதுதான மெரே? எல்லாரும் அப்படித்தான வைப்போம்? அதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு…"

இந்த ஆட்களுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. நாளைக்குப் பந்தயம் என்றால் இன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து படுப்பார்கள். யாராவது பல் தேய்த்ததைப் போய் அதிகாரியிடம் சொல்வார்களா? டூகலும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

அவனை அடித்துக் கொன்றிருப்பாள். நேரமில்லை.

"சைக்கிள எங்க வைப்பீங்க? தண்ணியில இறங்குற எடத்துலயா, ஏறுற எடத்துலயா?"

"ஏறுற எடத்துல," என்றாள் ஷோனா. "ஐயோ கடவுளே. ஏறுற எடத்துலதான்."

"அப்ப அது அவன் ஏற வேண்டிய எடம். சனிக்கிழமை வச்சுட்டு ஓடியே வீட்டுக்கு வந்திருக்கான். நான் வேலைக்குப் போயிட்டேன், எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை இங்கருந்து நடந்துதான் போயிருக்கான்." அவள் தேடல் குழு கொடுத்த பட்டியலை எடுத்தாள். சைக்கிள், ஹெல்மெட், சைக்கிள் மிதியில் மாட்டுகிற ஷூ, ஒரு வாழைப்பழம். "செருப்பு இல்ல. வீட்லயும் இல்ல. வெறுங்கால்ல நம்ம ரோட்டுல பத்தடி நடக்க மாட்டான் அவன், கல்லு குத்தினா ஊரக் கூட்டுவான். எங்க இறங்கினானோ அங்கதான் செருப்பு இருக்கு."

ஷோனா தன் ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூலை இழுத்தாள். வரைபடத்தின் அளவுக்கோட்டில் மூன்று புள்ளி எட்டைக் குறித்துக்கொண்டு, ஒரு முனையைப் படகுத்துறையில் அழுத்தி மறுமுனையைச் சுற்றினாள். கிழக்கே போனால் தீவையும் தாண்டி நடு ஏரி. மேற்குக் கரையில் பாதித் தூரம் வெறும் பாறை. இன்னும் தெற்கே வந்ததும் நூல் கரையைத் தொட்டது. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மராயே என்கிற, அவர்கள் குலத்தார் கூடுகிற சபை வீட்டு வளாகத்துக்குக் கீழே இருக்கிற மணல் துறை அது.

"இருக்காது," என்றாள் மெரெயானா. "மாமாகிட்ட கேக்காம அங்க ஆயிரத்தைந்நூறு பேர எறக்கணும்னு நினைக்கவே மாட்டான்."

சொன்ன பிறகு அவளுக்கே புரிந்தது. கேட்க பயந்துதான் ஒளித்தான். ஆல்டர்டன்காரன், வேவு, காப்பி எல்லாம் சாக்கு. முதலில் தூரம் சரியாக வருகிறதா என்று நீந்திப் பார்த்துவிட்டு, கையில் கணக்கோடு மாமா முன்னால் போய் நிற்கலாம் என்று நினைத்திருக்கிறான். சபை வீட்டு வாசலிலிருந்து தன் ஜனங்கள் ஆடிப்பாடி வழியனுப்ப, உலகத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் தண்ணீரில் இறங்குவதை அந்த மடையன் மனசுக்குள் பார்த்திருக்கிறான்.

அவள் காரை எடுத்தாள்.

மராயேயில் மதியச் சாப்பாட்டு நேரம். தேடிவிட்டு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, சபை வீட்டுக்குள் பாயில் உடம்பைச் சாய்த்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் காலில் இருப்பதைத் தாழ்வாரத்தில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ரப்பர் பூட்ஸ், ஷூ, செருப்பு என்று நாற்பது ஐம்பது ஜோடி அங்கே குவிந்து கிடந்தது. பன்னிரண்டு நாளாக அவளும் அங்கேதான் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கரையில் தேட நினைத்து வந்தவள் தாழ்வாரத்தில் நின்றுவிட்டாள். கரையில் செருப்பை விட்டால் நாய் கவ்விக்கொண்டு போய்விடும். இந்த ஜனங்களில் பிறந்தவன் செருப்பை எங்கே கழற்றுவான்?

மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சமையல்கட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சுவரோரமாக, யாருடையதோ பூட்ஸுக்குப் பின்னால், பச்சைச் செருப்பு. இடது காலில் வார் பிய்ந்துபோய், ரொட்டிப் பையைக் கட்டி வரும் பிளாஸ்டிக் துண்டை அடியில் செருகி நிறுத்தியிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவள்தான் புதுசு வாங்கிக் கொடுத்தாள். அது இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது.

அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். முதலில் வந்தவன் கிங்கி, பாவோராவின் சித்தப்பா மகன், விலாங்கு மீன் பிடிக்கிறவன்.

"அண்ணி, என்னாச்சு அண்ணி?"

அவள் செருப்பை நீட்டினாள். கிங்கியின் முகம் வெளுத்தது.

"அது… மாமாவோடதுன்னு நினைச்சேன் அண்ணி. நான் ரெண்டு மூணு தடவை அதப் போட்டுக்கிட்டுக் கக்கூஸுக்குப் போயிருக்கேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்படியே அது அழுகையாக மாறிற்று. டீபெனே மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பது வயசு, நிமிர்ந்த முதுகு. அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

"எங்கிட்ட கேக்கவே இல்லையே இவன்," என்றார்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க மாமா. அதான் பயந்துட்டான்."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லிருப்பேன்." கிழவர் செருப்பை வாங்கிப் பார்த்தார். "முதல் தடவ கேக்கும்போது எல்லாத்துக்குமே வேணாம்னுதான சொல்லுவேன். ரெண்டாம் தடவ வந்து கேட்டிருக்கலாமில்ல?"

மாமா போனை எடுத்து மூழ்கித் தேடுகிறவர்களைத் திரும்ப வரச்சொன்னார். கெஞ்சவில்லை, வரச்சொன்னார். நாளைக் காலை வருகிறோம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் வரை ஏழு படகுகள் மணல் துறையிலிருந்து வடக்கே நூல் பிடித்தாற்போல் போய் வந்தன. காற்று எழும்பி ஏரி முழுக்க நுரையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை விடியலில் மறுபடி இறங்கினார்கள். மெரெயானா கிங்கியின் படகில் முன்பக்கம் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டூகல் மீன் தேடும் கருவியைத் திருகிக்கொண்டு பின்னால் இருந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அவள் அவனோடு பேசவில்லை, இறங்கிப் போ என்றும் சொல்லவில்லை. நாளைக்கு இந்நேரம் தடை இருக்காது என்ற ஒன்றுதான் அவள் தலைக்குள் மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கடவுளே, ஒரு நாள் கொடு, அரை நாள் கொடு, எலும்பாவது கொடு என்று வாய் தானாக முணுமுணுத்தது.

மதியம் டூகலின் போன் சிணுங்கியது. பார்த்தான். அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"டூகல்."

"கம்பெனி இடத்த அறிவிச்சுட்டான்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "நாட்டோட தெற்குத் தீவுல. கடல்ல நடக்குதாம், ஏரியே இல்ல. நவம்பர்ல அந்த அறிவிப்பு போட்டாங்கல்ல, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கையெழுத்து ஆயிடுச்சாம். இடத்தச் சொல்லாம விட்டது சும்மா ஆர்வத்தக் கிளப்பத்தானாம்."

"அந்த அளக்கிற சக்கரம்?"

"தெரியல மெரே. கக்கூஸ் கட்டுறதுக்கா இருக்கும்."

கிங்கி எஞ்சினை நிறுத்திவிட்டான். படகு அலையில் ஆடியது. அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை, அழக்கூடத் தோன்றவில்லை. பலகையில் அவன் எழுதிய மார்க்குகள்தான் கண்முன் வந்தன. கக்கூஸ் வசதிக்குப் பத்துக்கு நாலு.

"ஓட்டு கிங்கி," என்றாள். "எதுக்கு நிறுத்தின? ஓட்டு."

நாலு மணிக்குக் கிடைத்தான். நடு ஏரியிலும் இல்லை, பாதி வழியிலும் இல்லை. மணல் துறைக்கு நேர் எதிரே, கரையிலிருந்து முந்நூறு மீட்டரில், ஆளுயரத்துக்குமேல் பாசி மண்டிக் கிடக்கும் இடத்தில். மூழ்கித் தேடியவர்களில் ஒருவர் மேலே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு கையைத் தூக்கினார். ஆறு நிமிஷம்கூட நீந்தியிருக்க மாட்டான். நெஞ்சு நின்றிருக்கும் என்றார்கள் பிறகு. பாசி பிடித்து வைத்துக்கொண்டதாம்.

கரையில் பெண்கள் எழுப்பிய ஓலம் தண்ணீர் மேல் வந்தது. பதின்மூன்று நாளாக அதே தாழ்வாரத்தில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து இவர்கள் தொழுதிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள், பாவோராவின் குறும்பையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறான்.

"அவன் தனியா இல்லம்மா," என்றார் மாமா, அவளைப் படகிலிருந்து கைப்பிடித்து இறக்கும்போது. "நாம எல்லாரும் பக்கத்துலயே இருந்திருக்கோம்."

ஒரு கணம் அது அவள் நெஞ்சில் இதமாகத்தான் பட்டது. அடுத்த கணமே கையை உருவிக்கொண்டாள். "பக்கத்துல இருந்து என்ன மாமா? இருக்கான்னு யாருக்கும் தெரியலையே. அவனப் பாத்தா பேசினோம்? ஏரியப் பாத்துல்ல பேசினோம்."

சபை வீட்டில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை, திறக்கிற நிலையில் இல்லை. மெரெயானா பாயில் பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், ஒரு நிமிஷம் நகரவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் இங்கே வழக்கம் போல அவனோடு நேராகவே பேசினார்கள். பஸ் பிள்ளைகள் வந்து, அங்கிள், நீங்க பிரேக் போட்டா எங்களுக்கு வாந்தி வரும் என்றார்கள். ஆல்டர்டன் கிளப்காரர்கள் பதினெட்டுப் பேர் வந்து, உன் பாதையை நாங்கள் பார்த்ததே இல்லையடா என்று விம்மினார்கள். டூகல் எழுந்து நின்று, சைக்கிளைப் பற்றி, தான் சொல்லாமல் விட்டதைப் பற்றி எல்லார் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

பந்தயத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசி வைத்துக்கொள்ளாமலே ஊர் மொத்தமும் அதை அவன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது. வாசலில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே காலை வைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, தூக்குவதற்கு நேரமாயிற்று என்று மாமா சொன்னார். கடைசியாக ஏதாவது சொல்லணுமாம்மா என்று கேட்டார். மெரெயானா பெட்டியின் மேல் கவிழ்ந்து, அவன் காது இருக்கும் என்று அவள் நினைத்த இடத்தில் வாயை வைத்தாள். மெதுவாகச் சொல்ல நினைத்தாள். முடியவில்லை, வீடு முழுக்கக் கேட்டது.

"பாவோரா. இவங்க யாரும் உங்கிட்ட சொல்ல மாட்டாங்க. நான்தான் சொல்லணும். பந்தயம் இங்க இல்லடா. தெற்கே எங்கயோ, கடல்ல. நீ அந்தப் பலகைய வாங்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சாம். ஆனா உன் பாதை சரிதான். ஷோனா அளந்து பாத்தா. வெயிலு வலது பக்கமாத்தான் அடிக்குது, தூரமும் மூணு புள்ளி எட்டு, கொஞ்சம்கூடத் தப்பில்ல. மாமாகூட ரெண்டாம் தடவ கேட்டா சரின்னு சொல்லிருப்பாராம். எல்லாம் சரியாத்தாண்டா போட்டிருந்த. எல்லாமே சரியா இருந்துச்சு. யாருக்காகடா போன? யாரு கேட்டா?"

கிங்கியும் மற்ற ஐந்து பேரும் கைப்பிடிகளைப் பிடிக்க வந்து நின்றார்கள். அவள் விரல்களை ஷோனா ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.